லாஸ்லோ என்று ஒருமுறை

மொன்றியல் நகரில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் மூன்றாம் மாடி வீடொன்றில் இருக்கும் தவமலருக்கு அறுபத்துநான்கு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, டவுன்டவுன் உணவகமொன்றில் சட்டி கழுவிக்கொண்டிருந்த காலத்தில், அடுப்புத் திருத்த வந்த ஹங்கேரியர் ஒருவரை விரும்பிக் கட்டிக்கொண்டவள். சனம் வாய்க்கு வந்தபடி பேசியது. அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவ்வளவு துணிச்சல்காரிக்கு ஒன்றே ஒன்றுதான் முடியாமல் போனது: புருசன் பெயரைச் சொல்வது.

லாஸ்லோ. மூன்று எழுத்துச் சங்கதி. ஹங்கேரியில் அரசர்கள் வைத்திருந்த பழைய பெயராம். மூத்த ஆண்பிள்ளைக்குத் தகப்பன் பெயரையே வைப்பது அந்த வீட்டு வழக்கம். மாமனார் லாஸ்லோ, புருசன் லாஸ்லோ, பிறந்த மகனும் லாஸ்லோ. அவள் பாடுதான் திண்டாட்டமாகிவிட்டது. புருசன் பெயரைச் சொல்லக்கூடாதென்று வளர்ந்தவள் மகனை மட்டும் அதே பெயரால் எப்படிக் கூப்பிடுவாள்? புருசன் ‘இஞ்சாருங்கோ’ ஆனார், மகன் ‘தம்பி’ ஆனான். தகப்பன் வீட்டார் அவனை லாட்சி என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள். இப்போது தொலைவில், கல்கரி நகரில், வேலை செய்யும் இடத்தில், அவன் லெஸ்லி.

மருந்துக்கடையில் கணவரின் பெயர் கேட்டால் கைப்பையைத் துழாவி அவருடைய அட்டையை எடுத்து நீட்டுவாள். இவள் ஊமையோ என்று பார்த்தவர்களும் உண்டு.

ஹங்கேரியர்களுக்குப் பிறந்தநாள் போலவே பெயர்நாளும் உண்டு. லாஸ்லோக்களுக்கு ஜூன் இருபத்தேழு. அன்று, பின்னாளில் சென்ட் லோரன்ட் பகுதித் தொழிற்சாலையொன்றில் அவரோடு வேலை செய்தவர்கள் அழைக்காமலே வந்து, “லாஸ்லோ, லாஸ்லோ” என்று கட்டிப்பிடித்து வாழ்த்துவார்கள். தவமலர் கேக்கை வெட்டி நீட்டி, “இஞ்சாருங்கோ, வாழ்த்துகள்” என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

கடைசிப் பெயர்நாளில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவர் சிரிக்கவில்லை.

“மலர், இண்டைக்கு ஒருக்காச் சொல்லன்,” என்றார். எல்லாம் அவள் பழக்கிய தமிழ்.

பக்கத்துக் கட்டிலில் ஆள் இருந்தது. அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. “பேந்து சொல்லுறன்,” என்று பிறகுக்குத் தள்ளிவிட்டாள்.

ஒன்பது நாளில் அவர் போய்விட்டார். அறுபது வயதில் என்ன கண்டறியாத வெட்கம் என்று தன்னையே திட்டித் திட்டி நான்கு வருடம் ஓடிவிட்டது. அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட வேண்டும், அவர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. நடக்காத ஆசை. ஆனாலும் அதே பெயரோடு கல்கரியில் ஒருவன் இருக்கிறானே! இந்த ஜூன் இருபத்தேழு அவனையாவது பெயர் சொல்லி வாழ்த்திவிடுவதென்று முடிவு செய்தாள்.

வாயில் வருமோ என்ற பயத்தில் காலையிலேயே குசினியில் நின்று சொல்லிப் பார்த்தாள். முதலில் வெறும் காற்றுத்தான் வந்தது. நாலைந்து தரம் முயன்ற பிறகு சத்தமும் வந்தது. யாரும் கேட்டுவிட்டார்களோ என்று யன்னலைப் பார்த்தாள். தனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மத்தியானம் மகனுக்குப் போன் எடுத்தாள்.

“அம்மா, மீட்டிங்கில நிக்கிறன். பேந்து எடுக்கட்டே?”

“பேந்து வேண்டாம். இப்பவே சொல்லோணும்.” கண்ணை இறுக மூடிக்கொண்டாள். “லாஸ்லோ!”

அந்தப் பக்கம் அவசரமாய் நடக்கும் காலடிச் சத்தம். பிறகு கதவு சாத்தப்படுவது கேட்டது.

“அம்மா,” மகனின் குரல் பதறியது. “அப்பா இல்லையம்மா. அவர் செத்து நாலு வருசம். உங்களுக்குத் தெரியுந்தானே? ஆர் யூ ஓகே? பக்கத்து வீட்டுத் துஷாந்தினி அன்ரியை வரச் சொல்லட்டே?”

“எனக்கு அறளை ஒண்டும் பேரேல்லை, நினைவெல்லாம் சரியாத்தான் இருக்கு. உன்னைத்தான் கூப்பிட்டனான். இண்டைக்கு உன்ர பெயர்நாள்.”

அவன் குரல் தணிந்தது.

“நீங்கள் ஒருநாளும் என்னை அப்பிடிக் கூப்பிட்டதில்லையே, அம்மா.”

“அவரையும் கூப்பிட்டதில்லை, தம்பி,” என்றவளுக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை மகன் போனை வைக்காமல் நின்றான்.