பள்ளி வாசலில் அக்கா

அக்கா சென்ற பிறகு, நான் ஒருமுறைகூடப் போயிராத ஓர் ஊர் என் பகல் தூக்கத்தில் வந்துகொண்டே இருக்கிறது. பாரிஸ் நகரை ஒட்டிய சிற்றூர் அது. பனி பெய்த தெரு, பச்சைக் கதவு போட்ட தொடக்கப் பள்ளி, அதன் வாசலில் சால்வையை இழுத்துப் போர்த்தியபடி அக்கா. ஞாயிறுதோறும் தொலைபேசியில் அவர் சொல்லக் கேட்டு என் மனம் கட்டிக்கொண்ட ஊர். முதலாண்டு நினைவு நாளில் இந்த நினைவு மலரைப் பெறும் உங்களுக்கு, அங்கே அக்கா எப்படி வாழ்ந்தார் என்பதைத் தங்கையாகிய நான் சொல்ல விரும்புகிறேன்.

பனமரத்துப்பட்டி ஏரியை அடுத்த தோட்டத்து வீட்டில் எங்கள் பெற்றோரின் மூத்த மகளாகப் பிறந்தவர் அக்கா. சேலத்தில் கல்லூரிப் படிப்பை முடித்து, பிரெஞ்சுக் குடியுரிமை கொண்ட புதுச்சேரிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டுக் கடல் கடந்தார். குழந்தைகள் இல்லை. சில ஆண்டுகளிலேயே மாமா மாரடைப்பால் மறைந்தார்.

"ஊட்டுக்கு வந்துரு சாமி" என்று அப்பா அழைத்தபோது, "கொஞ்ச நாள் இங்கயே இருந்து பாக்கறனுங்க அப்பா" என்றார். அந்தக் கொஞ்ச நாள் இருபது ஆண்டுகளைத் தாண்டிப் போயிற்று.

நகராட்சி நடத்தும் அந்தப் பள்ளியின் உணவுக்கூடத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. முதல் நாளே மேலாளர் அவர் நெற்றியைக் காட்டி, அரசு ஊழியர் பணி நேரத்தில் மத அடையாளம் எதுவும் அணியக்கூடாது என்று சொன்னார். அக்கா வாசலில் நின்று கைக்குட்டையால் திருநீற்றைத் துடைத்துவிட்டு உள்ளே போனார். வெகு நாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னார்: "மொதல் வாரம் மூஞ்சியே என்னுதில்லாத மாதிரி இருந்துச்சு. அப்பறம் ஒக்காந்து அந்தச் சட்டத்தைப் படிச்சேன். அரசாங்கத்து பேர்ல நிக்கறவங்களுக்குத்தான் அந்தக் கட்டு. சும்மா வர்றவங்களுக்கு இல்ல."

அந்தப் படிப்பு சபியாவுக்கு உதவியது. காரைக்காலிலிருந்து வந்து அக்காவின் மாடிக்கு மேல்மாடியில் குடியிருந்தவர் சபியா. அக்காவை 'லாத்தா' என்று அழைப்பார். அவர்கள் பக்கம் மூத்த சகோதரியை அப்படித்தான் சொல்வார்களாம். அவருடைய ஆறு வயது மகனின் வகுப்பு ஆட்டுப் பண்ணை பார்க்கக் கிளம்பியது. துணைக்கு வரத் தாய்மார்களைக் கேட்டிருந்தார்கள். சபியா பெயர் கொடுத்திருந்தார். காலையில் பேருந்தருகே வந்த தலைமையாசிரியர், தலைத்துணியைக் கழற்றினால் வரலாம், இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம் என்றார். சபியா திரும்பி நடந்தார். பையன் பேருந்துக் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே போனதை உணவுக்கூடத்துச் சன்னலிலிருந்து அக்கா கண்டார்.

"அவர் சொன்னது சட்டமில்ல சபியா. கேட்டுப்போடலாம்."

"வேணாம் லாத்தா. நாளைக்கு எம்புள்ளையத்தான் ஒரு மாதிரியா பாப்பாங்க. ஒங்க வேலைக்கும் வம்பு."

அக்கா வற்புறுத்தவில்லை. மூன்று ஞாயிறுகள் கழித்துச் சபியாவே ஒரு வெள்ளைத்தாளோடு இறங்கி வந்தார். இருவரும் அகராதியை நடுவில் வைத்துக்கொண்டு தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதினார்கள்.

தலைமையாசிரியர் இருவரையும் அழைத்தார். பள்ளி எல்லோருக்கும் பொதுவானது, அதைக் காப்பதே தம் கடமை என்று விளக்கினார். அக்கா சொன்னாராம்: "ஐயா, எனக்கான விதியைத் தினமும் உங்கள் வாசலில் நின்று கடைப்பிடிக்கிறேன். இந்தத் தாய் உங்கள் ஊழியர் இல்லை. இவருக்கான விதி எங்கே எழுதியிருக்கிறது என்று காட்டுங்கள்." அவர் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தார். கெட்ட மனிதரில்லை என்பார் அக்கா. தலைமையாசிரியர் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். சில வாரங்களில் பதில் வந்தது: துணைக்கு வரும் பெற்றோர் ஊழியர்கள் அல்லர், மதப் பிரசாரமோ குழப்பமோ செய்தாலன்றி, தலைத்துணிக்காக மட்டும் தடுக்க முடியாது. வசந்த காலத்துப் பயணத்தில் சபியா மகனுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போனார்.

ஆனால் சபியாவின் மூத்த மகள் அக்காவிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அரசுப் பள்ளி மாணவிகள் துணியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அதற்குத் தனிச் சட்டம் உண்டு. "அம்மாவுக்குப் பேசினீங்க. எனக்கு?" என்று கேட்டாள். "பல்கலைக்கழகம் போனா இந்தக் கட்டு இல்ல கண்ணு. அதுவரைக்கும் சட்டம் இப்படித்தான் இருக்குது. இல்லேன்னு நான் பொய் சொல்லமாட்டேன்" என்றார் அக்கா. அந்தக் குளிர்காலம் முழுக்க, வேலைக்குப் போகும் முன் அவளோடு உயர்நிலைப் பள்ளி வாசல்வரை நடந்தார். அவள் துணியை மடித்துப் பையில் வைப்பாள். பக்கத்தில் அக்கா தன் நெற்றியைத் துடைத்துக்கொள்வார்.

நம் உறவில்கூட, "நமக்கெதுக்குங்க அவங்க சோலி?" என்று கேட்டவர்கள் உண்டு. "பக்கத்துல நாந்தானுங்களே இருந்தேன்" என்பது மட்டுமே அக்காவின் பதில்.

நோய் முற்றியபின் சேலம் அஸ்தம்பட்டியில் என் வீட்டுக்கு வந்தார். அந்த நாட்களில் மருந்து மயக்கத்தில் பாதி இங்கும் பாதி அங்குமாக இருந்தார். ஏற்காட்டு மலையில் மேகம் இறங்கினால், "பனி பேயுது பாரு, புள்ளைக்குச் சால்வை குடு" என்பார். தகவல் அறிந்த சபியா மகளோடு விமானம் ஏறி வந்தார். பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கும் அந்தப் பெண், தலையில் துணியில்லாமல் வந்திருந்தாள். அணியத் தடையில்லாத இடத்தில் அவளாகவே அணியாமல் இருந்தாள். ஏனென்று அக்கா கேட்கவில்லை. அவள் கூந்தலை ஒருமுறை தடவிக்கொடுத்தார்.

மாலையில் சபியா தயங்கித் தயங்கி, தொழுவதற்கு ஓர் இடம் கேட்டார். எந்தத் திசை என்று நான் விழித்தேன். படுக்கையிலிருந்து அக்கா கையை மெல்லத் தூக்கி மேற்குச் சன்னலைக் காட்டினார். "அந்தப் பக்கம் சாமி. அந்த நாற்காலியைக் கொஞ்சம் நவுத்திக் குடு."

நான் நகர்த்தினேன். சபியா தொழுது முடிக்கும்வரை அக்கா கண்மூடிக் கிடந்தார். மறுநாள் காலை அவர் மூச்சு அடங்கியது.

சிகிச்சையளித்த மருத்துவர்களுக்கும், செவிலியர்களுக்கும், தோள்கொடுத்த பங்காளிகளுக்கும், தொலைவிலிருந்து கண்ணீர் அனுப்பிய அந்தப் பள்ளியின் பணியாளர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இம்மலரின் பின்பக்கத்தில் அக்காவின் உடன்பிறந்தோர் பெயர்கள் உள்ளன. என் பெயருக்கு அடுத்துள்ள சபியா என்ற பெயர் அச்சுப் பிழையன்று.