மலையூர்த் தேவாலய வாசலில் என் சப்பாத்து

எனக்கு எழுத்து வடிவாக வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லண்டனில் பிளேஸ்டோப் பகுதியில் இருக்கிற நாங்கள் சில வயதான பெண்கள், வெயில் காலத்தில் ஒரு வான் வண்டி பிடித்து லண்டனுக்கு வெளியே மலையூர்கள் பார்க்கப் போவோம். அவசரமே இல்லை. வழியில் புல்லில் துணி விரித்து இடியப்பமும் சம்பலும் சாப்பிடுவோம். மேலே ஏறினால் சிவப்பு ஓட்டு வீடுகள், சுவரில் படர்ந்த ரோசா, உச்சியில் ஒரு கல் தேவாலயம். அங்கே நின்றால் கீழே வயல்கள் பாய் விரித்தமாதிரித் தெரியும். அதைப் பார்த்தபடி ஒருவரோடும் பேசாமல் இருக்க எனக்குப் பிடிக்கும்.

அன்று புறப்படும்போது மகள் வாசலில் மறித்தாள்.

"அம்மா, போன முறை கைப்பையைத் துலைச்சிட்டு வந்தீங்கள். இந்த முறையும் ஏதும் கரைச்சல் எண்டால் இனிப் பயணம் இல்லை. சொல்லிப்போட்டன்."

சரியென்று தலையாட்டிவிட்டு வான் வண்டியில் ஏறினேன்.

மலைமேல் கோயில் என்றால் எங்கள் கால் தானாகச் சப்பாத்தைக் கழற்றிவிடும். பக்கத்து வீட்டு அக்காவும் நானும் தேவாலய வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனோம். அந்த வாசலில் தேவாலயத்துக்குக் காசு சேர்க்க ஒரு மேசை போட்டுப் பழைய கோப்பைகள், தொப்பிகள் விற்றுக்கொண்டிருந்தார்கள். அதை நாங்கள் கவனிக்கவில்லை.

கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் எங்கள் சப்பாத்துகளும் மேசைமேல் ஏறியிருந்தன. உயரமான ஒரு வெள்ளைக்காரப் பெண் என்னுடையதைக் காலில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா என்னை இடித்தாள். "எடியே, உன்ர சப்பாத்து விலைப்படப் போகுது!"

"நீங்கள் கேளுங்கோ அக்கா. எனக்கு வாய் வராது."

"என்ரயை ஒருத்தரும் தொடேல்லை. நான் ஏன் கேக்க? நீ வெறுங்காலோட போய் மகளுக்கு விளக்கம் சொல்லு."

மகளின் முகம் கண்ணுக்குள் வந்தது. நேரே போய் அந்தப் பெண்ணின் முன் நின்றேன்.

"மை ஷூ," என்றேன். தேவாலயத்தைக் காட்டினேன். "டெம்பிள். நோ ஷூ."

அவள் என் வெறுங்காலைப் பார்த்தாள். முகம் சிவக்கக் கழற்றி, குனிந்து என் காலடியில் வைத்தாள். பிறகு தன் சப்பாத்தைப் போட்டு, அதைத் தொட்டு, உள்ளே போகத் தானும் கழற்ற வேண்டுமா என்று சைகையில் கேட்டாள்.

"யூ, ஓகே," என்றேன். மேசைக்காரி எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள்.

பின்னேரம் மகள் கேட்டாள். "கரைச்சல் ஒண்டும் இல்லையே?"

"வந்தது. நானே கதைச்சுத் தீர்த்திட்டன்."

"ஆரோட? இங்கிலீசிலயோ?"

"ஓம். அடுத்த முறையும் போறன்."



அந்த ஊரின் பெயர் நினைவில் இல்லை. கோபுரம் சதுரமா, கூம்பா என்பதும் நிச்சயமில்லை. என்னோடு வந்த அக்கா இதை வாசித்தால் சரிபார்த்துத் திருத்திவிடட்டும். நான் இங்கிலீசில் சொன்னதை மட்டும் திருத்த வேண்டாம். அது அப்படியேதான்.