முடிவு பென்சிலில், நடந்தது பேனாவில்

எங்கள் மென்பொருள் அலுவலகத்துக் குறிப்பு அக்காவின் கையில் எப்போதும் ஒரு பென்சிலும் ஒரு நீலப் பேனாவும் இருக்கும். கூட்டத்தில் எடுத்த முடிவைப் பென்சிலில் எழுதுவார். ஆறு மாதம் கழித்து, அந்த முடிவால் என்ன ஆயிற்று என்று மேசை மேசையாகப் போய் விசாரித்து, அதைப் பேனாவில் எழுதுவார். நான் பார்த்தது நான்கு வருடம். அதற்கு முன் பதினோரு வருடம் மற்றவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லையாம். நான் கேட்டேன்.

"முடிவு மாறும்மா. நடந்தது மாறாதுல்ல" என்றார்.

அக்காவுக்கு மென்பொருள் எழுதத் தெரியாது. தட்டச்சு பாஸ் செய்துவிட்டு, கூட்டக் குறிப்பு எழுதும் வேலைக்கு வந்தவர். எங்கள் கூட்டங்களில் பாதிச் சண்டை டிசைன் பேட்டர்ன் பற்றித்தான் இருக்கும். மென்பொருளில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களுக்கு, முன்பே பலர் செய்து பார்த்த தீர்வுகளுக்கு அந்தப் பெயர். தையற்காரர் வைத்திருக்கும் காகித வெட்டுகள் போல. என்னென்ன வெட்டு இருக்கிறது என்று புத்தகம் சொல்லும். எந்த உடம்புக்கு எது என்று சொல்லாது. அதற்குப் பட்டுத் தெரிந்த ஆள் வேண்டும், அந்த ஆள் நம் வீட்டிலோ தெருவிலோ இருக்க வேண்டும். என் அப்பா சுவருக்குப் பெயின்ட் அடிப்பவர். என் தெருவில் அதிகம் படித்தது நான்தான்.

ஒரே சண்டையை எத்தனை தடவை எழுதுவது என்று அலுத்துப்போய், அக்கா தன் நோட்டுகளிலிருந்து ஒரு பட்டியல் செய்தார். மூன்று கட்டம். சிக்கல் என்ன, எதைத் தேர்ந்தார்கள், ஆறு மாதத்தில் என்ன ஆயிற்று. ஏழாம் வரி இப்படி இருக்கும்: "ஒரு கடைக்கு ஒரு கல்லாதான் என்று நினைத்து, ஒன்றுக்கு மேல் விடாத சிங்கிள்டன் வைத்தார்கள். கடைக்காரர் இரண்டாவது கல்லா வாங்கினார். திருத்த மூன்று பேர், பதினேழு நாள்." இருபத்து மூன்றாம் வரி: "சரக்கு தீர்ந்தால் எல்லோருக்கும் தானாகத் தெரிய வேண்டும் என்று அப்சர்வர். எல்லோருக்கும் தெரிந்தது. வாட்ச்மேனுக்கும் தெரிந்தது. ஒரே நாளில் எழுநூறு செய்தி."

பட்டியலைச் சர்வரில் 'பொது' என்றிருந்த ஃபோல்டரில் வைத்தார். எதிலும் சேராதது பொது என்பது அக்காவின் வழக்கம். தலைவலி மாத்திரை, ரப்பர் பேண்ட், யாருடையது என்று தெரியாத சாவி எல்லாம் கிடக்கும் டிராயரிலும் 'பொது' என்றுதான் சீட்டு ஒட்டியிருந்தார். ஆனால் அந்த ஃபோல்டருக்குப் பெயர் வைத்தவர் சர்வர்க்காரர். (எங்கள் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர். மாமியார் வீட்டில் அவர் ஓட்டலில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.) அவருக்குப் பொது என்றால் பொதுமக்கள். அதில் வைப்பது உலகத்துக்கே திறந்திருக்கும்.

பல வருடம் அப்படியே திறந்திருந்தது. அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

எனக்குத் தெரியும். கல்லூரிக் கடைசி வருடத்தில், கேட்க ஆளில்லாமல் தேடித் தேடி, அந்தப் பட்டியலில்தான் போய் விழுந்தேன். யாருடையது என்று அப்போது தெரியாது. பிறகு வேலைக்காக ஒரு நேர்காணலில் உட்கார்ந்தேன். அப்சர்வர் எப்போது வைக்கலாம் என்று மேலாளர் கேட்டார்.

"வாட்ச்மேனுக்கும் தெரியணுமான்னு மொதல்ல கேட்டுக்கணும் சார்" என்றேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க படிச்ச?"

"எங்கேயோ இணையத்துல சார்."

வேலை கிடைத்தது. என் திறமைக்கு எடுத்தாரா, வெளியே விட்டால் இன்னும் நாலு பேரிடம் சொல்லிவிடுவேன் என்று பயந்து எடுத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சேர்ந்த முதல் வாரமே பட்டியல் அக்காவுடையது என்று புரிந்தது. அது திறந்து கிடப்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

நான் சேர்ந்த நான்காம் வருடம் ஒரு வாடிக்கையாளர் கையில் ஒரு தாளோடு வந்தார். ஏழாம் வரிக்குக் கீழே கோடு போட்டிருந்தார். "இந்தக் கடைக்காரன் நான்தானே?" என்று மேலாளரிடம் கேட்டார்.

அன்று சாயங்காலமே கூட்டம்.

"பொதுன்னா பொதுமக்கள்னு யாருய்யா சொன்னது?" என்றார் மேலாளர்.

"பொதுக் கழிப்பறைன்னு போர்டு வச்சா, எதுலயும் சேராத கழிப்பறைன்னா சார் அர்த்தம்?" என்றார் சர்வர்க்காரர்.

குறிப்பு அக்கா அதையும் எழுதிக்கொண்டார்.

மேலாளர் என் பக்கம் திரும்பினார். "பேர் கேக்காம ஒருத்தரையும் உள்ள விடக்கூடாது. வெள்ளிக்கிழமைக்குள்ள பூட்டு போடு."

மறுநாள் அக்கா என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். பட்டியல் பக்கத்தின் அடியில் வழக்கம்போலத் தன் அலுவலக முகவரியைப் போட்டிருந்தார். அதற்கு இத்தனை வருடமாகக் கடிதம் வந்திருக்கிறது. எல்லாம் எங்கள் கிளை ஆட்கள்தான் என்று நினைத்துப் பதில் எழுதியிருக்கிறார். நமக்கு இத்தனை கிளையா என்று ஒரு தடவை சந்தேகம் வந்ததாம். கடைசியாக வந்ததைக் காட்டினார். "நூலகத்தில் ஒருவருக்கு அரை மணி நேரம்தான் கம்ப்யூட்டர் தருகிறார்கள். உங்கள் பட்டியல் ஒன்றுதான் அரை மணியில் படித்து முடிகிறது. கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு வேறு ஆளில்லை."

"பூட்டிட்டா இவரு என்னம்மா பண்ணுவாரு?"

"தெரியலக்கா."

"நீ என்ன பண்ணியிருப்ப?"

"அத நான் படிச்சது ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றேன்.

"அன்னிக்கு இன்டர்வியூக் குறிப்பு எழுதுனது யாருன்னு நெனச்ச? வாட்ச்மேன்னு நீ சொன்னதும் எனக்குப் பென்சில் முனை ஒடஞ்சுது. யாரோ கிளை ஆளு வெளிய சொல்லியிருப்பாங்கன்னு விட்டுட்டேன்."

கூட்டக் குறிப்பை வாங்கிப் படித்தேன். மேலாளர் சொன்னது அப்படியே பென்சிலில் இருந்தது. பெயர் கேட்காமல் யாரையும் உள்ளே விடக்கூடாது. மூன்று தடவை படித்தேன். பிறகு பட்டியலுக்கு முன்னால் ஒரு ப்ராக்ஸி வைத்தேன். உண்மையான சாமானுக்கு முன்னால் ஒரு வாசல் ஆளை நிறுத்தி, எல்லோரையும் அவர் வழியாக அனுப்புவது போன்ற ஏற்பாடு. என் வாசல் ஆள் பெயர் கேட்பார். சொன்னால் விடுவார். எந்தப் பெயரும் போதும். அதற்கு மேல் கேட்கும்படி எனக்கு யாரும் சொல்லவில்லை. இது சொன்ன சொல்லைக் காப்பாற்றியதா, சொன்னவரை ஏமாற்றியதா என்று அடிக்கடி யோசிக்கிறேன். யோசிக்கும்போது ஒரு நாள் ஒரு பதிலும் மறுநாள் இன்னொன்றும் வருகிறது.

வெள்ளிக்கிழமை மேலாளர் வந்து சோதித்தார். தன் பெயரைத் தட்டினார். பக்கம் திறந்தது.

"பேர் கேக்குது" என்றார், திருப்தியாக. வேறு பெயர் தட்டிப் பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஏழாம் வரியிலிருந்து கடையை எடுத்துவிட்டு 'ஒரு வியாபாரம்' என்று போடச் சொன்னார். அக்கா போட்டார். பதினேழு நாளில் கை வைக்கவில்லை.

வாசல் ஆள் பெயர்களையெல்லாம் எழுதி வைத்துக்கொள்கிறார். நூலகத்துக்காரர் தன் பெயரை 'அரைமணி' என்று தட்டியிருக்கிறார். இன்னொருவர் 'யாருமில்லை'. திங்கட்கிழமை தோறும், கூட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்னால், மேலாளரின் பெயர் வருகிறது.

அக்கா அன்றே பட்டியலில் ஒரு புது வரி சேர்த்தார். நூற்று முப்பத்திரண்டாவது. சிக்கல்: பட்டியலைப் பூட்டச் சொன்னார்கள். தேர்ந்தது: ப்ராக்ஸி. ஆறு மாதத்தில் என்ன ஆயிற்று: "எழுதுகிறேன்."

அதிலிருந்து நான்காம் மாதம், கூட்டத்தில் பேசுவதை இனி இயந்திரமே கேட்டு எழுதிக்கொள்ளும் என்று சொல்லி, அக்காவின் வேலையை எடுத்துவிட்டார்கள். இயந்திரம் நன்றாகவே எழுதுகிறது. இருமினால் அதையும் எழுதுகிறது. ஆறு மாதம் கழித்து யார் மேசைக்கும் வருவதில்லை.

அக்கா இப்போது ஒரு பல் டாக்டரிடம் முன்பதிவு எழுதுகிறார். நேரம் கேட்டவர்கள் பென்சிலில், வந்தவர்கள் பேனாவில். போன மாதம் ஃபோன் செய்தேன்.

"அக்கா, நூத்தி முப்பத்திரண்டு பாக்கி நிக்குது. ஒன்றர வருஷம் ஆச்சு. அரைமணி ரெண்டு தடவ எழுதிக் கேட்டுட்டாரு."

"பக்கம் தொறந்துதான இருக்கு?"

"இருக்கு."

"மேலாளருக்குத் தெரியுமா?"

"தெரியலக்கா. தெரிஞ்சும் சும்மா இருக்காரான்னும் தெரியல."

"அப்ப இன்னும் நடந்துகிட்டுதான இருக்கு. முடியட்டும், எழுதுறேன். வச்சுடும்மா, ஒருத்தர் வாயத் தொறந்துகிட்டு ஒக்காந்திருக்காரு."

அந்தக் கட்டத்தை நானே நிரப்பலாம். சர்வர்க்காரர்கூட, நாலு வார்த்தை போட்டு முடித்துவிடு என்கிறார். ஆனால் அக்கா எழுதுகிறேன் என்றுதான் எழுதியிருக்கிறார், எழுதுகிறோம் என்று இல்லை. நேற்று அரைமணி மூன்றாவது தடவையாகக் கேட்டிருந்தார். கடிதத்தைப் பல் டாக்டர் முகவரிக்கு அனுப்பிவைத்தேன்.