வேண்டாமென்று சொன்ன மதிப்பெண்

"இருபத்தொண்ணு," என்றார் பேராசிரியர் மினெல்லி. "எடுத்துக்கிறீங்களா?"

வாய்மொழித் தேர்வில் முப்பதுக்கு இருபத்தொன்று; பிடிக்காவிட்டால் மறுத்துவிட்டு மறுபடி வரலாம். பதினெட்டு வந்தாலே தேர்ச்சிதான். எர்மால் 'சரி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கட்டுமானவியல் அன்றோடு அவன் தலையை விட்டு இறங்கியிருக்கும். ஆகஸ்ட் பத்துக்குள் அந்த ஒரு பாடத்தையும் முடித்தால்தான் உதவித்தொகை அடுத்த ஆண்டும் வரும். அது நின்றால் விடுதி அறை போகும், கேண்டீன் சாப்பாடு போகும். அதன்பின் பொலோன்யாவில் அவன் படிக்க வந்தவன் இல்லை, சும்மா தங்கியிருக்கிறவன்.

இதெல்லாம் அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் வாய் வரவில்லை. முதுகுக்குப் பின்னால் பெஞ்சுகளில் பாதி வகுப்பு உட்கார்ந்திருந்தது. அடுத்தவனிடம் என்ன கேட்கிறார்கள் என்று காது கொடுக்க வந்தவர்கள். ஜூலை வெக்கைக்குப் பாட நகல்களால் விசிறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் யாரும் இருபத்தொன்றை எடுப்பதில்லை. எடுக்கிறவனை யாரும் எதுவும் சொல்லிவிட மாட்டார்கள். ஒரு மாதிரி இரக்கத்தோடு சிரித்து வழிவிடுவார்கள், அவ்வளவுதான். தன்மேல் மரியாதை உள்ளவன் 'நன்றி, மறுபடி வருகிறேன்' என்று எழுந்துவிட வேண்டும். அன்று காலையில்தான் அவனுடைய அறைத்தோழன் சவேரியோ இருபத்துநான்கை அப்படி மறுத்துவிட்டு, பந்தயத்தில் ஜெயித்தவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே போனான்.

மினெல்லி குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்குப் பாடம் தெரியும். உத்தரம் எங்க வளையும்னு வரையும்போது பதறிட்டீங்க. நீங்க இருபத்தெட்டு வாங்கற ஆள். இருபத்தஞ்சாம் தேதி ரெண்டாவது தடவை நடத்தறேன். யோசிச்சுக்கோங்க."

இருபத்தைந்தாம் தேதி என்றால் ஆகஸ்ட் பத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கும். பின்னால் யாரோ இருமினார்கள்.

"நன்றி மேடம். மறுபடி வரேன்."

எழுந்தபோது உண்மையிலேயே உடம்பு லேசாக இருந்தது. வந்து மூன்று வருஷத்தில் அந்தக் கூடத்தை அவன் நிமிர்ந்து கடந்தது அன்றுதான்.

எர்மாலுக்கு இத்தாலிய மொழி அம்மாவிடமிருந்து வந்தது. அம்மா அதைத் தொலைக்காட்சியிலிருந்து பிடித்தவள். பெராத் ஊரில் அவர்கள் வீட்டுக் கூரை ஆண்டெனா கடலுக்கு அக்கரையில் இருந்த இத்தாலியைப் பார்த்தே நின்றது. அதனால் பொலோன்யாவில் பேச்சில் அவனை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பெயரைச் சொன்ன பிறகுதான், "அடடே, எவ்வளவு நல்லாப் பேசறீங்க!" என்பார்கள். ஒவ்வொரு முறை அந்தப் பாராட்டைக் கேட்கும்போதும் யாரோ மார்பில் கைவைத்து மெல்லப் பின்னுக்குத் தள்ளுவதுபோல் இருக்கும். அதைப்பற்றி அவன் யாரிடமும் பேசியதில்லை. உதவித்தொகைத் தேதியைப் பற்றியும்தான்.

அன்று மாலை சவேரியோ அறைக்குள் நுழைந்ததும் கட்டிலில் குதித்தான்.

"டேய் எர்மால்! மினெல்லிகிட்டயே வேண்டாம்னுட்டியாமே! கீழ எல்லாரும் அதையேதான் பேசிக்கிறாங்கடா. இனிமே நீ எங்க ஆளு."

"நீ செஞ்சதைத்தான் நானும் செஞ்சேன்."

"என்னைப் பாத்தா செஞ்சே? நான் பண்றதை எங்கம்மாவே தப்புங்கறா. அஞ்சு வருஷமா மூணாம் வருஷம் படிக்கிறேன் நான்!" என்று சிரித்தான். தெற்கே கலாப்ரியா பக்கத்தில் அவனுடைய அப்பாவுக்கு ஆரஞ்சுத் தோட்டம் இருந்தது. அவன் எப்போது முடித்தாலும் அது அங்கேயே இருக்கும்.

அதற்குப் பிறகு எர்மால் நன்றாகவே படித்தான். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஓர் உணவகத்தில் மத்தியான வேளைக்குத் தட்டு கழுவுகிற வேலை. மற்ற நேரமெல்லாம் நூலகம். உத்தரங்கள் இப்போது தாமாகவே கண்ணுக்குள் வளைந்து காட்டின. சோப்பு நுரையில் விரலால் வரைந்து பார்ப்பான். சமையல்காரர் எட்டிப் பார்த்து, "என்னப்பா, மீனா?" என்பார். "பாலம்," என்பான்.

மத்தியான வேலை என்பதால் மினெல்லியின் சந்தேகம் தீர்க்கும் வகுப்புக்கு அவனால் போக முடியவில்லை. அந்த வகுப்பு முடிந்த அன்று சவேரியோ பாதி தர்பூசணியோடு வந்தான். கத்தியைத் தேடிக்கொண்டே பேசினான்.

"நல்ல சேதி. இருபத்தஞ்சு கிடையாது. செப்டம்பருக்குத் தள்ளியாச்சு."

"யார் தள்ளினா?"

"நாங்கதான். இந்த வெயில்ல யாருடா படிக்கிறது? எல்லாரும் கடலுக்குப் போகணும், ஊருக்குப் போகணும். அந்தம்மா பாவம், 'உங்களுக்குச் சம்மதம்னா எனக்கும் சரி, கை தூக்குங்க'ன்னாங்க. மொத்த வகுப்பும் தூக்கிருச்சு."

"நீயும் தூக்கினியா?"

"ரெண்டு கையையும் தூக்கினேன். ஒண்ணு உனக்காக!"

எர்மால் தர்பூசணியைப் பார்த்தபடி இருந்தான். பிறகு ஆகஸ்ட் பத்தைப் பற்றிச் சொன்னான். மெதுவாக, வேறு யாருடைய கதையையோ சொல்வதுபோலச் சொன்னான். சவேரியோவின் கையில் கத்தி அப்படியே நின்றது.

"நீ சொல்லவே இல்லையேடா."

"இல்ல."

"ஒரு வார்த்தை... மூணு வருஷமா ஒரே அறையில படுத்திருக்கோம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அந்தப் பெஞ்சு மேல ஏறி நின்னு கத்தியிருப்பேனே."

கத்தியிருப்பான். எர்மாலுக்கு அதில் சந்தேகமில்லை. அவன் பயந்ததும் அதற்குத்தான்.

மறுநாள் மினெல்லியின் அறைக்குப் போனான். மேசை விசிறி ஒன்று தலையைத் திருப்பித் திருப்பி இருவருக்கும் பாதி பாதியாகக் காற்று கொடுத்தது.

"அந்த இருபத்தொண்ணை இப்ப எடுத்துக்கலாமா மேடம்?"

"அது இல்லையே," என்றார் அவர். "வேண்டாம்னு சொன்ன மதிப்பெண் எங்கயும் இருக்காது. நீங்க அன்னிக்கு வரவே இல்லைங்கற மாதிரி."

"தனியா ஒரு தேர்வு?"

"அறிவிச்ச நாள்ல, எல்லாருக்கும் திறந்த கதவுல நடந்தாத்தான் அது தேர்வு. உங்களுக்கு மட்டும் நடத்தினா நாளைக்கே ரத்து பண்ணிடுவாங்க." கண்ணாடியைக் கழற்றினார். "உங்க தேதி இதுன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. நான் யோசிங்கன்னு சொன்னப்பவே."

"எல்லாரும் இருந்தாங்க மேடம்."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "நான்தானே உங்களை இருபத்தெட்டு வாங்கற ஆளுன்னேன்," என்றார். உதவித்தொகை அலுவலகத்துக்கு அவரே போன் செய்தார். அந்தப்பக்கம் பேசியவர் நயமாகவே பேசினார். எல்லோருக்கும் அதே தேதிதான் என்றார்.

ஆகஸ்டில் பொலோன்யா ஷட்டர்களை இறக்கிவிட்டுக் கடலுக்குப் போய்விட்டது. எர்மாலும் கடலுக்குத்தான் போனான், ரிமினிக்கு. கடற்கரை உணவகம் ஒன்றின் பின்கட்டில் சிப்பி தேய்க்கிற வேலை. படுக்க அங்கேயே மேலே இடம் கொடுத்தார்கள். செப்டம்பர் தேர்வுக்கு ஒருநாள் விடுப்புக் கேட்டான். "கூட்டம் இருக்கிற வரைக்கும் ஆள் வேணும். போனா திரும்பி வராதே," என்றார் முதலாளி. போகவில்லை. போய் முப்பதே வாங்கினாலும் அதை வைத்துக்கொண்டு எந்த அறைக்குத் திரும்புவது?

தேர்வன்று பிற்பகல் சவேரியோவின் செய்தி வந்தது. 'பதினெட்டு குடுத்தாங்க. எடுத்துக்கிட்டேன்டா. உன் பேரைக் கூப்பிட்டாங்க, ரெண்டு தடவை.'

எர்மாலின் அப்பா பெராத்துக்கும் திரானாவுக்கும் நடுவே வேன் ஓட்டுகிறவர். ஓட்டிக்கொண்டே பேசுவதால் போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். பயணிகளுக்கு அவர் மகனின் படிப்பு அத்துப்படி. அந்த வார முடிவில் அவர் கூப்பிட்டபோது எர்மாலின் மடியில் சிப்பிக் கூடை இருந்தது.

"மகனே! இங்க வண்டியில நம்ம ஊர் டீச்சர் இருக்காங்க. உன்னை விசாரிக்கிறாங்க. பரீட்சை எப்படிப் போச்சு?"

"பாலம் கட்டறப்போ எங்களை மறந்துடாதேப்பா!" என்றது ஒரு பெண்குரல். யாரோ சிரித்தார்கள்.

"போகலப்பா," என்றான் எர்மால். "உதவித்தொகை போயிடுச்சு. அறையும் போயிடுச்சு. நான் இப்ப படிக்கல. ரிமினியில சிப்பி கழுவறேன்."

வேனின் இரைச்சல் மட்டும் கேட்டது. ஜன்னல் கண்ணாடி ஒன்று கடகடவென்று ஆடியது. 

"இங்க ஒருத்தரை இறக்கணும்," என்றார் அப்பா. "இறக்கிட்டுக் கூப்பிடறேன்."

அன்று அவர் கூப்பிடவில்லை. கூடையில் பாதிக்கு மேல் மீதி இருந்தது.