இந்துமதி கொசுறு அல்ல

தூத்துக்குடியில் வெள்ளத்துரை அண்ணாச்சியின் அச்சகம் எங்கே என்று கேட்டால், பெயரை வைத்து யாரும் வழி சொல்ல மாட்டார்கள். பீச் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் மஞ்சள் போர்டு ஒன்று தெரியும், அதில் ‘டிசைன் இலவசம்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும், அங்கன நில்லுங்க என்பார்கள். அந்த இலவசத்தின் பெயர் இந்துமதி.

முப்பதைத் தாண்டியவள். அப்பாவுக்கு மாப்பிள்ளையூரணியில் பலசரக்குக் கடை. காலையில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வந்து, கீபோர்டைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டி, உப்புக்காற்று கொண்டுவந்த தூசியை உதறிவிட்டு உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பாள். கல்யாணப் பத்திரிகை, மக்ரூன் டப்பா, கப்பல் ஏஜென்சி காலண்டர், காதுகுத்து ஃபிளெக்ஸ் எல்லாமே அவள் கைக்கு வந்துதான் உருவம் பெறும். பில் போடுவது அச்சடிப்பதற்கு மட்டும். வரைந்து கொடுப்பது, காய்கறி வாங்கினால் மேலே ஒரு கொத்துக் கறிவேப்பிலை போடுவார்களே, அந்தக் கணக்கில் சேரும்.

கொசுறு விழாமல் இந்த ஊர்க்காரர்கள் கடையை விட்டு நகர மாட்டார்கள். பை கனத்துத் தோளை இழுத்தாலும் ஓரமாக நின்று கடைக்காரர் கையையே பார்ப்பார்கள். அதில் இந்துமதிக்கு வருத்தமில்லை. அப்பா கடையில் அவளே எத்தனையோ பேர் பையில் போட்டிருக்கிறாள். தன்னை எடுத்து இன்னொருவர் போடுவதுதான் அவளுக்குச் செரிக்கவில்லை.

கருப்பட்டி மிட்டாய் வீரபாகுவின் பெட்டியைச் சொன்னால் விஷயம் விளங்கும். அதுவரை பழைய பேப்பரில் பொட்டலம் கட்டி விற்றுக்கொண்டிருந்தவர் அவர். “என்னமாவது ஒரு டப்பா போட்டுத் தா பாப்பா” என்று ஒருநாள் வந்து நின்றார். இந்துமதி லீவு போட்டு, கருப்பட்டி காய்ச்சும் உடன்குடிக்கு பஸ் ஏறினாள். செம்மண்ணில் நின்று அந்த நிறத்தை வெயிலிலும் நிழலிலும் பார்த்தாள். ஓலைப்பெட்டி ஒன்றை வாங்கி வந்து இழை இழையாகப் பிரித்து, மறுபடி முடையத் தெரியாமல் விரலைக் கிழித்துக்கொண்டு, கடைசியில் அந்த முடைச்சலை அட்டையில் கொண்டுவந்தாள்.

பெட்டி கடைக்கு வந்தது. வாகைக்குளம் விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் காரை நிறுத்தினார்கள். வீரபாகு இரண்டாவது கடை திறந்தார். அது போதாமல் மூன்றாவது. பெட்டி ஒட்டுவதற்கு மாப்பிள்ளையூரணிப் பெண்களுக்கு வேலை கிடைத்தது. கடை வாசலில் ஆட்டோக்கள் நிற்க ஆரம்பித்தன. ஆட்டோக்காரர்களை நம்பி எதிரே ஒரு டீக்கடை முளைத்தது. இந்துமதிக்குக் கிடைத்தது அரைக் கிலோ மிட்டாய்.

அந்த வீரபாகுதான் வியாபாரிகள் சங்கத்துக்குப் புதுச் செயலாளர். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வேர்த்து விறுவிறுக்க அச்சகத்துக்குள் வந்தார்.

“இந்து, நாளைக்குச் சாயங்காலம் சங்கத்துக் கூட்டம். மேடைக்குப் பின்னால சுவரு முழுக்க ஒரு ஃபிளெக்ஸ் வேணும். நம்ம ஊரு எப்பிடி மின்னப் போவுதுன்னு பாக்கிறவன் வாயப் பொளக்கணும், பாத்துக்கோ.”

“தலைப்பு என்ன அண்ணாச்சி?”

“திறமையுள்ள பிள்ளைகள் ஊரை விட்டுப் போவதைத் தடுப்பது எப்படி?”

இந்துமதியின் கை மவுஸ் மேல் அப்படியே நின்றது. “டிசைனுக்கு எவ்வளவுன்னு எழுதட்டும்?”

வீரபாகு சிரித்துக்கொண்டே வெள்ளத்துரையைப் பார்த்தார். “என்ன வே, ஒம்ம பிள்ள புதுசாப் பேசுது?”

“வெளையாடுதா” என்றார் வெள்ளத்துரை. “ஏளா, போர்டு வாசல்லதான தொங்குது? படிச்சிட்டுத்தான உள்ள வார?”

“என்னையப் பத்தித்தான் எழுதியிருக்கு. என்னையக் கேட்டா எழுதுனிய?”

“ஊரு காரியம்ளா. இதுக்குப் போய் கூலி கேப்பாகளா?”

“மைக்கு செட்டுக்காரருக்கு? சாப்பாட்டுக்கு?”

“அதுக்கெல்லாம் குடுத்துத்தான ஆவணும்?”

“அப்ப நான்?”

“நீ நம்ம பிள்ளல்லா!” என்று வீரபாகு உரிமையோடு முடித்துவிட்டு வெளியேறினார்.

மதியம் அமலன் டிபன் பாக்ஸோடு வந்தான். அடுத்த தெரு அச்சகத்து டிசைனர்; இவளிடம் தொழில் பேசவும் சண்டை போடவும் வருகிறவன். நடந்ததைக் கேட்டுவிட்டுச் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான்.

“அக்கா, ஞாயித்துக்கெழம மைசூர் வண்டியில பெங்களூருக்குக் கெளம்புதேன். நீயும் வந்திரு. இங்கன நாம கறிவேப்பிலதான். கொழம்பு கொதிச்சதும் எடுத்து ஓரமாப் போட்டுருவானுவ.”

“நான் ஏம்லே போணும்? துறைமுகம் இங்கன இருக்கு, உப்பு இங்கன இருக்கு, கருப்பட்டி இங்கன வருது. அத்தனைக்கும் படம் போட்டவ மட்டும் பெட்டியைக் கட்டணுமாக்கும். போவ வேண்டியது அந்தப் போர்டு.”

சொல்லிவிட்டாளே தவிர, தன் டிபன் பாக்ஸைப் பாதிச் சாப்பாட்டோடு மூடிவைத்தாள். இங்கே வேலையை விட்டு நின்றால், அடுத்துப் போகிற அச்சகத்திலும் இதே போர்டுதான் தொங்கும். ஊரில் இருக்கலாம், இல்லையென்றால் இந்த வேலையைச் செய்யலாம். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள ஊர் வழிவிடவில்லை. அவளுக்கு இரண்டுமே வேண்டியிருந்தது.

சனிக்கிழமை ஃபிளெக்ஸை அவளே மெஷினில் ஏற்றினாள். அளவு பார்த்து வெட்டி, ஓரம் மடித்து, கயிறு கட்டத் துளை போட்டாள். அந்தத் துணிக்கு உண்டான விலையைத் தன் கைக்காசிலிருந்து எடுத்துக் கல்லாவில் போட்டாள். பிறகு சுருட்டி, மண்டபத்துக்கு ஆட்டோவில் அனுப்பிவிட்டு, தானும் போய் பின்வரிசையில் அமலன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மேடையில் இரண்டு பேர் ஸ்டூலில் ஏறிச் சுருளை அவிழ்த்தார்கள். மேலிருந்து கீழே வரை வெள்ளை. கப்பலும் இல்லை, பனையும் இல்லை, தலைவர்கள் போட்டோவும் இல்லை. அச்சகத்தின் பெயரும் போன் நம்பரும் வழக்கமாக வருகிற கீழ்மூலையில் மட்டும் சின்னதாக இரண்டு வார்த்தைகள்: டிசைன் இலவசம்.

“பிரிண்டு விழலியோ?” என்று யாரோ கேட்டார்கள். “திருப்பிக் கட்டுங்கலே, பின்பக்கமாக்கும்!” என்றார் இன்னொருவர். திருப்பினார்கள். அங்கும் வெள்ளை. மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது.

வீரபாகு மேடையிலிருந்து இறங்கி வந்தார். முகம் கறுத்திருந்தது. “ஏளா, என்ன இது?”

இந்துமதி எழுந்து நின்றாள். முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க கேட்டதுதான் அண்ணாச்சி. சும்மா கேட்டிய. சும்மாவுக்கு எவ்வளவு வருமோ அவ்வளவு வந்திருக்கு.”

“ஊரை நாங்க வளக்குதோம். சரக்கு ஏத்துதோம், கட கட்டுதோம். நீ படம் போட்டா ஊரு வளருது?”

“ஒங்க மிட்டாய் ருசி ஒங்க கைது. அதுல எனக்குப் பங்கு கிடையாது. ஆனா காரை நிறுத்துதவன் கடிச்சுப் பாத்துட்டா நிறுத்துதான்? பெட்டியப் பாத்து நிறுத்துதான். அந்தப் பெட்டியால எங்க தெருப் பிள்ளையளுக்கு வேல இருக்கு. டீக்கட இருக்கு. ஒங்களுக்கு மூணு கட இருக்கு. போட்டவளுக்கு என்ன இருக்கு? எங்கப்பா கடையிலயும் கொசுறு உண்டு அண்ணாச்சி. அவுக சாமான், அவுக மனசு, அவுக குடுக்காவ. நான் யாரு சாமான்?”

சிரிப்பு நின்றிருந்தது. வெள்ளத்துரை இரண்டு வரிசை தள்ளி எழுந்தார். “திங்கக்கெழம நீ வராண்டாம்.”

“போர்டைக் கழட்டுங்க, வாரேன்.”

“கழட்ட மாட்டேன்.”

“அப்ப வரல.”

அவள் படியிறங்கி ஸ்கூட்டியை எடுக்கும்போது உள்ளே வரவேற்புரை தொடங்கியிருந்தது. அந்த வெள்ளைத் துணிக்கு முன்னால் நின்றுகொண்டே எல்லோரும் பேசி முடித்தார்கள். மாற்றிக் கட்ட வேறு ஒன்று இருக்கவில்லை.

அமலன் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறினான். போன மாதம் பெங்களூரிலிருந்து செய்தி அனுப்பியிருந்தான்: “இங்கனயும் சாம்பிள்னு சொல்லிச் சும்மாதான் கேக்கானுவ அக்கா.” இந்துமதி பதில் போட்டாள்: “வெள்ளையா அனுப்புலே.”

அப்பா கடைக்கு மாடியில், அரிசி மூட்டை அடுக்கியிருந்த அறையைக் காலிசெய்து அவள் மேஜை போட்டிருக்கிறாள். முதல் வாரங்களில் ஈ ஓட்டினாள். மாடி ஏறி வந்தவர்கள் ரேட்டைக் கேட்டுவிட்டு வந்த வேகத்தில் இறங்கினார்கள். அப்புறம் உப்பு ஏற்றுமதி செய்கிற ஒருவர் வந்தார், ஒரு மக்ரூன் பேக்கரி வந்தது. பெட்டி ஒட்டுகிறவர்களில் விஜிலா என்ற பெண் வேலை முடித்து நேரே மாடிக்கு வந்து கணினி பழகுகிறாள். பீச் ரோட்டுச் சந்தில் மஞ்சள் போர்டு இன்னும் தொங்குகிறது. அதற்குக் கீழே ‘டிசைனர் தேவை’ என்று ஒரு தாள் ஒட்டி, அது வெயிலில் வெளுத்து, மேலேயே இன்னொரு தாளும் ஒட்டியிருக்கிறார்கள்.

ஒரு நாள் படியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. வீரபாகு. மகள் கல்யாணப் பத்திரிகை. உட்காராமல் சுவரைப் பார்த்தார், விஜிலாவைப் பார்த்தார், கடைசியில் வேறு வழியில்லாமல் இந்துமதியைப் பார்த்தார்.

“மத்தவன் போட்டது எனக்குப் பிடிக்கல” என்றார்.

அவள் ரேட்டைச் சொன்னாள். அவர் பேரம் பேச வாயைத் திறந்து, மூடி, அட்வான்ஸை மேஜையில் வைத்தார். வைத்தவர் போகவில்லை. கதவோரமாக நின்றார். பழக்கம் விடுமா?

“கொசுறா ஒண்ணும் கெடையாதா தாயி?”

இந்துமதி ஜன்னல் வழியே கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“எப்பா, அண்ணாச்சி கீழ வாராவ. ஒரு கொத்துக் கறிவேப்பில குடுத்தனுப்புங்க!”