நடுவில் விடுபட்ட பெயர்

பாண்டீஸ்வரியிடம் ஒரு குறையைச் சொல்லிவிட்டு முழுசாகத் திரும்பி வந்தவர்கள் எங்கள் அலுவலகத்தில் கிடையாது. நான் ஆறு வருடமாக அவள் பக்கத்து நாற்காலி. என் பெயர் சுபலட்சுமி. மற்றவர்கள் எழுதும் கணினி நிரல்களைச் சோதித்துக் குறை சொல்வதுதான் எனக்கு வேலை. சௌந்தரராஜன் அண்ணனிடம் குறை சொன்னால் நன்றி சொல்வார். பாண்டீஸ்வரியிடம் சொன்னால் என் சோதனையிலேயே நாலு குறை கண்டுபிடிப்பாள்.

அவளுக்குப் பேரையூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஒத்தக்கடையில் வாடகை வீடு, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் மதுரைக்குள் வருவாள். சென்னையிலிருந்து இரண்டு கம்பெனிகள் கூப்பிட்டும் போகவில்லை. “அங்கன போயி ஆயிரத்துல ஒருத்தியா உக்காரணுமாக்கும்?” என்பாள். இங்கே பத்துப் பேரில் அவள்தான் முதல் ஆள். அந்தத் திமிர் அவளுக்கு அழகாகத்தான் இருந்தது, போன மாசி மாதம் வரைக்கும்.

அவள் பெயர் வாங்கியது கெர்னல் வேலையில். கெர்னல் என்பது கணினிக்குள் எல்லா நிரல்களையும் வேலை வாங்கும் மேஸ்திரி. ஒரு நிரல் என்பது ஃபங்ஷன் எனும் சின்னத் துண்டுகள் ஒன்றையொன்று கூப்பிட்டு வேலை வாங்குவது. அது மெதுவாக ஓடுகிறதா? கெர்னல் அதை நொடிக்குத் தொண்ணூற்றொன்பது தடவை நிறுத்தி, ‘எந்த ஃபங்ஷனில் நிற்கிறாய், உன்னைக் கூப்பிட்டது யார், அவரைக் கூப்பிட்டது யார்’ என்று கடைசிவரை போய்க் குறித்துக்கொள்ளும். ஒவ்வொரு ஃபங்ஷனும் தன்னைக் கூப்பிட்டவரின் விவரத்தை நினைவகத்தில் சங்கிலியாகக் கோத்து வைத்திருப்பதால் இது முடிகிறது. அந்தச் சங்கிலியைப் பிடித்துப் போகும் பகுதியை எங்கள் சர்வருக்காகத் திருத்தி எழுதியவள் பாண்டீஸ்வரி. குறித்ததைப் படமாகப் போட்டால், நேரத்தைத் தின்னும் ஃபங்ஷன் அகலப் பட்டையாகத் தெரியும்.

எங்கள் வழக்கப்படி ஒவ்வொரு ஃபங்ஷனின் தலையிலும் எழுதியவர் பெயர் இருக்கும். படத்திலும் அந்தப் பெயர் விழும். வெள்ளிக்கிழமைதோறும் அகலப் பட்டையில் யார் பெயர் மாட்டுகிறதோ அவர் எல்லோருக்கும் பருத்திப்பால் வாங்கித் தர வேண்டும். பாண்டீஸ்வரி ஒரு தடவைகூட வாங்கித் தந்ததில்லை.

மாசியில் விளையாட்டு வினையானது. நாங்கள் பார்த்துக்கொள்வது ஓர் ஆம்புலன்ஸ் சேவையின் சர்வர். அழைப்பு வந்ததும் பக்கத்தில் இருக்கும் வண்டியைத் தேடிச் சொல்லும். அழைப்புகள் கூடும் நேரத்தில் ஒவ்வொன்றுக்கும் நாற்பது வினாடி பிடித்து, பின்னால் வந்தவை வரிசையில் காத்து நின்றன. சோழவந்தான் அருகே ஒரு பிரசவத்துக்கு வண்டி தாமதமாகப் போய், வழியிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். எங்கள் மேனேஜர் தங்கப்பாண்டி பிழைப்பாரா என்பதுதான் சந்தேகமாக இருந்தது. காரணம் என்ன, பொறுப்பு யார் என்று திங்கட்கிழமை மாலை நாலு மணிக்குள் சொல்லவேண்டும், இல்லையென்றால் ஒப்பந்தம் ரத்து என்று அந்தச் சேவையிலிருந்து கடிதம் வந்தது.

சனிக்கிழமை பாண்டீஸ்வரி படம் எடுத்தாள். எழுத்துகளை ஒப்பிடும் ஒரு சின்ன லைப்ரரி, அதாவது வெளியார் எழுதி யாரும் எடுத்தாளும் பொது நிரல், ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு நேரத்தைக் கரைத்தவராகப் படம் காட்டியது வண்டி தேடும் ஃபங்ஷனை. எழுதியவர், சௌந்தரராஜன்.

அண்ணனுக்கு ஐம்பத்து மூன்று வயது. ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர், நாற்பதுக்கு மேல் தானாகப் படித்து இந்தத் தொழிலுக்கு வந்தார். இங்கிருந்து வெளியே போனால் இன்னொரு கம்பெனி அவரை எடுக்காது. அது அவருக்கும் தெரியும், தங்கப்பாண்டிக்கும் தெரியும்.

திங்கட்கிழமை மத்தியானம் தங்கப்பாண்டி அவரை உள்ளே கூப்பிட்டார். “தப்பு என்னுது, வேலைய விட்டுப் போறேன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டா மரியாதையா முடிஞ்சிரும்ணே.” அவர் வாதாடவே இல்லை, எழுதிக் கொடுத்துவிட்டார். வெளியே வந்து டிபன் டப்பாவையும் கண்ணாடிக் கூட்டையும் துணிப்பையில் எடுத்து வைத்தார்.

அவர் ஃபங்ஷனைச் சரிசெய்ய உட்கார்ந்த பாண்டீஸ்வரி கொஞ்ச நேரத்தில், “சுபா, இங்க வாடி” என்றாள். “இதுல எங்கனயாவது அந்த லைப்ரரியக் கூப்பிடுதா பாரு.”

முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பார்த்தேன். எங்கும் கூப்பிடவில்லை.

“கூப்பிடாத மனுசன் எப்பிடிடி படத்துல கூப்பிட்டாரு?” என்று கேட்டவள், கேட்ட கையோடு வெளிறிப் போனாள். அந்த லைப்ரரியை இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் சர்வரில் ஓடும்படி கட்டியவள் அவள்தான். வேகம் கூடட்டும் என்று, சங்கிலி கோக்கும் வேலையை அதிலிருந்து எடுத்துவிட்டிருந்தாள். அன்றைக்கு அதைப் பெருமையாகச் சொன்னதும் எனக்கு நினைவிருக்கிறது. லைப்ரரிக்குள் நிரல் நிற்கும்போது கெர்னல் கையில் கிடைப்பது அதன் கண்ணி அல்ல, அதைக் கூப்பிட்டவரின் கண்ணி. அதில் இருப்பதோ அவரைக் கூப்பிட்டவரின் விவரம் என்பதால், அதைப் பிடித்துப் போனால் கூப்பிட்டவருக்கும் மேலே உள்ளவரிடம் போய் நிற்கும். நடுவில் ஒரு பெயர் சுவடே இல்லாமல் விடுபட்டுவிடும்.

லைப்ரரியை மறுபடி சங்கிலியோடு கட்டி, காலை அழைப்புகளைச் சோதனைக் கணினியில் ஓட்டினாள். மூன்றே காலுக்குப் புதுப்படம் வந்தது. அண்ணன் பட்டைக்கும் லைப்ரரிக்கும் நடுவே, அதே அகலத்தில் இன்னொரு பட்டை. ஊர்ப்பெயர் பொருத்தும் ஃபங்ஷன். ஆம்புலன்ஸ் கேட்டுப் போன் செய்தவரின் ஊர் எது என்பதை ஒவ்வொரு வண்டிக்கும் புதிதாக, முழுப் பட்டியலோடும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. எழுதியவர், பாண்டீஸ்வரி.

“சொல்லப் போறியா?” என்றேன்.

“வாய மூடிட்டு இருடி.”

பத்து நிமிடத்தில் திருத்திவிட்டாள். ஊரை ஒரே தடவை தேடி, விடையை வைத்துக்கொள்ளும்படி செய்தாள். நாற்பது வினாடி ஒன்றரை வினாடியானது. இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு தங்கப்பாண்டியிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

அவர் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “சரியாப் போச்சுல்ல? அம்புட்டுத்தான். அவரே ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்துட்டாரு. நீ எதுக்கு நடுவுல தலையக் குடுக்குற? நீ போயிட்டா இந்த வேலைய யாரு பாக்குறது?”

அவள் திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். கடிகாரம் மூன்று ஐம்பதைக் காட்டியது. அப்போது அவளை வெறுத்த அளவுக்கு வாழ்க்கையில் யாரையும் நான் வெறுத்ததில்லை.

அண்ணன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “வாரேன் சுபா” என்றார். பிறகு அவளிடம் போனார். “மன்னிச்சுக்கம்மா. என்னால உனக்கு சனிக்கிழமையும் வேலையாப் போச்சு.”

பாண்டீஸ்வரி எழுந்து பையைப் பிடுங்கினாள். “எங்கயும் போகக் கூடாது. உக்காருங்கண்ணே.”

அறைக்குள் தங்கப்பாண்டி, திரையில் தெரிந்த ஜெயக்கொடி மேடத்துக்கு அண்ணன் எழுதிக் கொடுத்த கடிதத்தை வாசித்துக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் சேவையின் அதிகாரி அவர். பாண்டீஸ்வரி கதவைத் தட்டாமல் உள்ளே போனாள்.

“அது பொய் மேடம். தப்பு செஞ்ச ஃபங்ஷன் என்னுது. படத்துல என் பேரு விழாமப் போனதுக்கும் நாந்தான் காரணம்.”

மேடம் இரண்டு படங்களையும் நிதானமாகப் பார்த்தார். “சனிக்கிழமையே ஏன் சரிபார்க்கல?”

“அவரு பேரு வந்துச்சு மேடம். எனக்கு அது போதுமா இருந்துச்சு.”

ஒப்பந்தம் நிலைத்தது. பாண்டீஸ்வரி இனி அந்த சர்வரைத் தொடக் கூடாது என்று மேடம் சொல்லிவிட்டார். தங்கப்பாண்டி முனகிக்கொண்டே கடிதத்தைக் கிழித்துப் போட்டார்.

வெளியே வந்தபோது சௌந்தரராஜன் அண்ணன் தன் ஃபங்ஷனைத் திறந்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பாண்டீஸ்வரி நடந்ததைச் சொல்லி, அவர் முன்னால் அழுதாள். அண்ணன் முகத்தில் சந்தோஷம் வரவில்லை.

“ரெண்டு நாளா இதைத்தாம்மா படிச்சுக்கிட்டிருந்தேன். தப்பு எதுவும் கண்ணுல படல. ஆனா உன் படம் சொல்லுதே, எனக்குத்தான் புரியிற வயசு போயிருச்சுன்னு நெனச்சேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லண்ணே?”

“உன்கிட்டயா?” என்றார் அண்ணன்.

கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார்.