அரூரிலிருந்து ஏரியூருக்கு: சித்தி வீட்டில் வரைந்த வட்டம்

போன சனிக்கிழமை ஏரியூர் போய் வந்தேன். வீட்டில் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லியிருந்தேன். அம்மா தூங்கியபின் அவள் போனில்தான் இதை எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினோரு மாதக் குழந்தையாக இருந்தபோது என்னைப் பெரியம்மாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவளைத்தான் அம்மா என்கிறேன். பெற்றவள் ஏரியூரில் இருக்கிறாள். அவள் எனக்குச் சித்தி. கல்யாணங்களில் பார்ப்பதோடு சரி. எனக்குப் பிறகு அவளுக்குப் பிறந்த திவ்யாவை யாருக்கும் கொடுக்கவில்லை. "அந்த வூட்டுப் படி மிதிச்சீன்னா இங்க வராத" என்பது அம்மாவின் சட்டம்.

எங்கள் மாடியில் குடியிருக்கும் நிர்மலா அக்கா சமூகவியல் ஆராய்ச்சி செய்கிறார். ஏரியூரில் குடும்பங்களைக் கேட்டு எழுதத் துணை தேடினார். வீட்டில் சொல்லிவிட்டேன் என்று அவரிடமும் பொய் சொன்னேன். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு கேள்விகள்: ஒரே பானையில் சாப்பிடுகிறவர்கள் எத்தனை, பெற்றது எத்தனை. ஒன்று வீடு, மற்றது உறவு. இரண்டையும் குழப்பக்கூடாது என்றார். இரண்டாவதற்குச் சித்தி என்ன சொல்வாள்? அதற்காகத்தான் போனேன்.

காலை 6.20க்கு அரூரில் பஸ். தருமபுரிக்கு நாற்பது கிலோமீட்டர், 32 ரூபாய். அங்கிருந்து பென்னாகரம், 24 ரூபாய். பிறகு டவுன் பஸ், பெண்களுக்கு இலவசம். "சும்மா குடுக்கற சீட்டுன்னு தொலைச்சிடாத பாப்பா, செக்கர் வந்தா என்னைத்தான் கேப்பாரு" என்றார் கண்டக்டர். 9.50க்கு இறங்கினோம்.

ஐந்தாவது வீடு சித்தியுடையது. அக்காவுக்கு அது தெரியாது. என்னைக் கண்டதும் சித்தியின் முகம் வெளுத்தது. திவ்யாவுக்கு எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டிருந்தாள், காதோரம் ஒரு முடி விடாமல். என் ஜடையை நானேதான் பின்னிக்கொள்கிறேன்.

"ஆ, வலிக்குதும்மா!"

"தலைய ஆட்டாத கழுத. நீங்க கேளுங்க மேடம்."

"ஒரே பானையில சாப்பிடறவங்க எத்தனை பேருங்க?"

"மூணு பேருங்க."

"அஞ்சு பேர் சோத்த அப்பாவே தின்னுடும்" என்றாள் திவ்யா.

"பெத்தது எத்தனைங்க?"

சித்தியின் கை நின்றது. நான் பென்சிலோடு காத்திருந்தேன்.

"ஒண்ணுங்க. பன்னெண்டு வயசு."

ஒவ்வொரு வீட்டுக்கும் உறவுப் படம் வரைவது என் வேலை. ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம். சித்தியின் வட்டத்துக்குக் கீழே கோடு இழுத்து, ஒரே ஒரு வட்டம் போட்டு வயதை எழுதினேன்.

அக்கா முன்னே நடந்ததும் சித்தி என் கையைப் பிடித்தாள். "நீ இங்க வந்தேன்னு உங்கம்மாகிட்ட சொல்லிடாத. குடுத்த புள்ளய எண்ண மாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டா."

சத்தியம் புரிகிறது. அந்தப் பின்னல்தான் பொறுக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அக்கா தாள்களைச் சரிபார்த்தார். "அந்தப் பொண்ணுக்குப் பன்னெண்டுன்னாங்க. பதினாறுன்னு போட்டிருக்க?"

"கவனிக்கலக்கா."

"உனக்கு என்ன வயசு?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அக்கா ரப்பரை நீட்டினார். அழித்துப் பன்னிரண்டு என்று எழுதினேன். மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே இப்போது கதவருகே போய் நின்றுகொள்கிறேன், அம்மாவிடம் சொல்லிவிடுவாரோ என்று.

ஏரியூர் போகிறவர்கள் தண்ணீர் கொண்டுபோங்கள், திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். குடும்பத்தைப் பற்றிக் கேட்கப் போகிறவர்கள் பென்சிலில், மெதுவாக எழுதுங்கள். நான் அழுத்தி எழுதிவிட்டேன். தாளைச் சாய்த்துப் பிடித்தால் பதினாறு இன்னும் தெரிகிறது.